ஜித்தாவின் துபாஷிக்கு

நானா,

இன்று காலை ரங்கூன் லத்தா சந்தையில் உலர்ந்த இறால் வாங்கினேன். கடைக்காரர் நிறுத்து, பக்கத்தில் அடுக்கியிருந்த பழைய தாள்களில் ஒன்றை உருவி, கூம்பாகச் சுருட்டி அதில் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் இடம் கிடைத்து, உட்கார்ந்து, மடியில் வைத்த பிறகுதான் தாளைப் பார்த்தேன். பயணியின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர், உடன் வருபவர் என்று அச்சடித்த கட்டங்கள். அவற்றுக்குள் உங்கள் எழுத்து. ஆங்கில ‘எம்’மின் கடைசிக் காலைக் கீழே இழுத்து நங்கூரம் மாதிரி வளைத்துவிடுவீர்களே, அப்படி வேறு யாரும் எழுதமாட்டார்கள்.

நம் கப்பல் அலுவலகத்துப் பழைய கோப்புகள் எடைக்குப் போய்விட்டதாகப் போன மாதமே யாரோ சொன்னார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்று இறால் வாசனையோடு அந்த எழுத்தைப் பார்த்ததும், மிங்கலா தாங்ஞுன்ட் நிறுத்தத்தில் இறங்க மறந்து, ரயில் பாலத்தைத் தாண்டிப்போய் இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்தேன்.

நீங்கள் போய் மூன்று வருடமாகிறது. உங்களுக்கு நான் இதுவரை ஒரு கடிதமும் எழுதியதில்லை. எதிர்மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு யார் கடிதம் எழுதுவார்கள்?

யுத்தம் முடிந்து அலுவலகம் மறுபடி திறந்த வருடம் நான் வேலைக்குச் சேர்ந்தேன். மிஷன் பள்ளியில் தட்டச்சு படித்த பெண், அப்பா தமிழ்க் கிறிஸ்தவர், அம்மா பர்மியப் பெண் என்று மேலாளர் என்னை அறிமுகப்படுத்தியபோது, நீங்கள் மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்து, “அப்போ வீட்டுலயே ரெண்டு பாஷை. எனக்குத் துணைக்கு ஒரு துபாஷி வந்தாச்சு” என்றீர்கள். அந்தச் சொல்லை நான் அன்றுதான் முதலில் கேட்டேன். இரண்டு பேருக்கு நடுவில் நின்று ஒருவர் பேச்சை மற்றவருக்குச் சொல்கிறவன் என்று விளக்கினீர்கள். உங்களை மற்ற குமாஸ்தாக்கள் ‘ஜித்தா துபாஷி’ என்று பின்னால் கூப்பிடுவது எனக்குத் தெரிய ஒரு வாரமாயிற்று. ஏன் என்று தெரியப் பல வருடமாயிற்று. நான் உங்களை ‘நானா’ என்றேன், உங்கள் வீட்டு வழக்கில் அண்ணனைக் கூப்பிடுவது போல.

கியாக்டடாவில், சூலே பகோடாவைப் பார்த்த இரண்டாம் மாடி அது. கப்பல் சரக்கைப் பார்க்கப் பலர் இருந்தார்கள். ஹஜ்ஜுப் பயணிகள் பகுதிக்கு நீங்கள் ஒருவர்தான், உங்களுக்கு நான் ஒருத்திதான். பயணக் காலம் வந்தால் படிக்கட்டு முழுக்க ஆட்கள். முகல் தெருவிலிருந்து வருவார்கள், மோல்மேனிலிருந்து ரயிலேறி வருவார்கள். போர்வை, ஊறுகாய் ஜாடி, கட்டுச்சோறு என்று எல்லாவற்றையும் சுமந்துகொண்டு, இன்றைக்கே கப்பல் என்பது போல வந்து நிற்பார்கள். அத்தனை பேரையும் உட்கார வைத்து நீங்கள் சொல்வதை நான் தட்டச்சுக்கு நடுவே கேட்டுக்கொண்டிருப்பேன்.

“ஜித்தாவுல கப்பல் கரைக்கு வராது. பவளப்பாறை. தூரத்துலயே நின்னுடும். பாய்மரப் படகு வரும். படகுல இறங்கும்போது மூட்டையைப் பார்க்காதீங்க, ஏணியைப் பாருங்க. மூட்டை விழுந்தா எடுத்துக்கலாம்.”

கிணற்றுத் தண்ணீர் எந்தத் தெருவில் உப்புக் கரிக்காது, எந்த வாசலில் நிழல் இருக்கும், சுங்கச் சாவடியில் முதலில் எந்த மூட்டையைப் பிரித்துக் காட்டவேண்டும் என்று எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் ஜித்தாவோடு உங்கள் பேச்சு நின்றுவிடும். மக்காவைப் பற்றி யாராவது கேட்டால், போய்வந்த வேறு யாரையாவது கைகாட்டுவீர்கள். ஒருநாள் நான் சும்மா இருக்காமல் கேட்டேன்.

“நானா, அந்தக் கஅபா நேர்ல எப்படி இருக்கும்?”

நீங்கள் பேனாவைத் துடைத்து மூடி வைத்தீர்கள். “பார்த்தவங்ககிட்ட கேளு தங்கச்சி” என்றீர்கள். அதோடு சரி.

அதற்கான பதிலை ஒரு மழைக்காலப் பிற்பகலில்தான் சொன்னீர்கள். தெருவில் முழங்கால் தண்ணீர். பஸ்கள் வரிசையாக நின்றுபோயிருந்தன. மற்றவர்கள் நனைந்தபடியே கிளம்பிவிட்டார்கள். நீங்கள் வீட்டில் இளைப்பு நோயில் கிடந்த மச்சியை, உங்கள் மனைவியை, நினைத்து ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தீர்கள். பிறகு உட்கார்ந்து, நான் கேட்காமலே ஆரம்பித்தீர்கள்.

வெள்ளைக்காரர்கள் இந்தியாவையும் பர்மாவையும் ஆண்ட காலம். நாகூரில் பிறந்து, சிறு வயதிலேயே ரங்கூன் வந்து, மதரஸாவில் அரபும் பள்ளியில் ஆங்கிலமும் படித்திருந்த உங்களுக்கு இருபத்து நாலு வயது. ஜித்தாவிலிருந்த ஆங்கிலத் தூதரகத்துக்கு ஒரு துபாஷி தேவைப்பட்டார். இங்கிருந்து போகும் பயணிகளின் கஷ்டநஷ்டங்களை அரபு மன்னரின் அரசாங்கத்தோடு பேசித் தீர்ப்பது அந்தத் தூதரகத்தின் முக்கியமான வேலை. நீங்கள் போனது ஹஜ்ஜை மனதில் வைத்துத்தான். சம்பளம் இரண்டாம் பட்சம்.

“ஜித்தாவுலேர்ந்து மக்காவுக்கு நாப்பத்தஞ்சு மைல் தங்கச்சி. ரங்கூனுக்கும் பெகுவுக்கும் உள்ள தூரம்தான். அவ்வளவு பக்கத்துல ஒன்றரை வருஷம் இருந்தேன்.”

“பின்னே ஏன் போகலை?”

“தூதர் துரை கிறிஸ்தவர். அந்த ஊர் எல்லைக்குள்ள அவர் காலெடுத்து வைக்கக் கூடாது. துரை ஜித்தாவுல இருக்கற வரைக்கும் துரையோட நாக்கும் ஜித்தாவுலதான் இருக்கணும். ஹஜ்ஜு காலத்துலதான் அவருக்கு வேலையே. எல்லாரையும் அனுப்பிட்டு நான் வாசல்ல நிப்பேன். நடுவுல எந்த மாசமும் செய்யலாம்ங்கற உம்ராவுக்குப் போயிருக்கலாம். அடுத்த வருஷம் ஹஜ்ஜோட சேர்த்துப் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். இருபத்து நாலு வயசுல அடுத்த வருஷம்ங்கறது பாக்கெட்டுல இருக்கற மாதிரி இருக்கும்.”

அடுத்த வருடம் அந்தச் சங்கடம் வந்தது. திரும்பும் கப்பலொன்று சொன்ன நாளில் வரவில்லை. ரங்கூன், சிட்டகாங், நாகூர்ப் பக்கத்து ஆட்கள் அறுபது பேருக்கு மேல் ஜித்தா கடற்கரையில் போர்வைகளைக் கட்டி நிழல் செய்துகொண்டு கிடந்தார்கள். வேறொரு கப்பலை வரவழைக்கலாம் என்றால், அவர்களுடைய திரும்பும் சீட்டுகள் கூலிப் பாக்கி என்ற பேரில் மக்காவின் வழிகாட்டிகளிடம் முடங்கியிருந்தன. வயதானவர்கள் இருவர் மணலிலேயே இறந்துபோனார்கள். தூதர் மன்னரிடம் நேரே பேச அனுமதி கேட்டார். மன்னர் ஜித்தாவுக்கு வந்திருந்த நாளில் அழைப்பு வந்தது.

அந்தக் கூடத்தை நீங்கள் கையால் வரைந்து காட்டினீர்கள். சுவரோரமாக நீள நீளமான மெத்தைகள், நடுவில் வெறும் கம்பளம். மன்னர் ஒரு பக்கம், தூதர் ஒரு பக்கம், தூதருக்குப் பின்னால் அரையடி தள்ளி நீங்கள். மன்னருக்கருகே சிரியாக்காரர் ஒருவர், அவருடைய ஆலோசகர். சின்னக் கிண்ணங்களில் ஏலக்காய் மணக்கும் காப்பி வந்தது. துரை இரண்டு வாய் குடித்துவிட்டு, ஆங்கிலத்தில் சொன்னார்: “உங்கள் ஆட்கள் இந்த ஏழைகளைப் பிழிந்தெடுத்துச் சக்கையைக் கடற்கரையில் வீசியிருக்கிறார்கள். இது தொடர்ந்தால் எங்கள் நாடுகளிலிருந்து கப்பலே வராது.”

எல்லோரும் உங்களைப் பார்த்தார்கள்.

“எனக்கு அந்த மணல்ல கிடக்கற சனங்கதான் கண்ணுல நின்னாங்க” என்றீர்கள். “அந்த வார்த்தையை அப்படியே அரபியில போட்டா, மன்னர் எழுந்திரிச்சுப் போயிடுவார். கூடத்துல கத்தி வச்சிருக்கறவங்க நிக்கறாங்க. நான் வேற சொன்னேன். இவங்க இறைவனோட விருந்தாளிங்க, அதனால மன்னரோட விருந்தாளிங்க. விருந்தாளி வாசல்ல தவிக்கறது வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு துரை நம்பறார்னு சொன்னேன்.”

மன்னர் தாடியைத் தடவிக்கொண்டு பதில் சொன்னார். “என் வாசலுக்கு வருகிறவர்களை எண்ணிப் பார்க்க இவர் யார்? ஹஜ்ஜுக்கு வருகிறவன் இவருடைய அரசரின் குடியாக வரவில்லை. அல்லாஹ்வின் அடிமையாக வருகிறான்.” நீங்கள் துரையிடம் ஆங்கிலத்தில் சொன்னது: “மன்னர் அவர்களைத் தம்முடைய பொறுப்பாகவே நினைக்கிறார். ஹஜ்ஜுக்கு வருகிறவர் யாருடைய குடி என்று அவர் பார்ப்பதில்லை.”

துரை முகம் மலர்ந்து தலைவணங்கினார். மன்னரும் இளகினார். சீட்டுகளை விடுவிக்கவும், கப்பல் வரும்வரை ரொட்டியும் தண்ணீரும் கொடுக்கவும் அங்கேயே உத்தரவாயிற்று. அத்தனைக்கும் நடுவில் சிரியாக்காரர் மட்டும் காப்பிக் கிண்ணத்துக்கு மேலாக உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்பது உங்களுக்கு அப்போது தெரியாது.

இரண்டு வாரத்தில் விஷயம் துரையின் காதுக்குப் போயிற்று. அவர் கோபிக்கவில்லை என்றீர்கள். உங்களை உட்காரச் சொன்னாராம். “நீ நல்லவன். ஆனால் எனக்கு நல்லவன் வேண்டாம். சொன்னதைச் சொல்கிறவன் வேண்டும்” என்றாராம். அந்த அறுபது பேர் ஏறிய கப்பலிலேயே உங்களையும் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஹஜ்ஜுக்கு இன்னும் ஒன்பது மாதம் இருந்தது.

“அறுபது பேர் ஊர் திரும்பினாங்களே நானா. நீங்க செஞ்சது தப்பா?” என்றேன்.

மழை விட்டிருந்தது. நீங்கள் குடையை எடுத்துக்கொண்டீர்கள். “வழி முழுக்க எனக்கு துஆ செஞ்சுட்டே வந்தாங்க, காரணம் தெரியாமலே. அது ஒரு பக்கம் இருக்கு. ஆனா பேச்சுங்கறது அமானிதம் தங்கச்சி. ஒருத்தர் நம்பி நம்ம கையில குடுக்கற பொருள். அந்த ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன சொன்னாங்கன்னு கடைசி வரைக்கும் தெரியாமலே எழுந்து போனாங்க. அதை நான் திருடிட்டேன். ரெண்டையும் தராசுல வச்சுப் பார்க்கறேன், இத்தனை வருஷமா. முள்ளு நிக்க மாட்டேங்குது.”

அதன்பிறகு உங்களைப் பார்க்கும் என் பார்வை மாறிவிட்டது. வருடாவருடம் எத்தனையோ பேரின் பெயரைப் பட்டியலில் எழுதி, படிக்கட்டு வரை வந்து வழியனுப்பும் இந்த மனிதர் தம் பெயரை ஒரு தடவையும் எழுதவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. முதலில் யுத்தம், பிறகு மச்சியின் நோய். மச்சியை ஒருநாள்கூடத் தனியாக விடமுடியாத நிலை. அதைப் பற்றி நீங்கள் முறையிட்டு நான் கேட்டதில்லை.

மச்சி காலமானது ராணுவ ஆட்சி வந்த வருடத்துக்கு அடுத்த வருடம். அதற்குள் நம் அலுவலகத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டு பலகை மாறியிருந்தது. மேலாளர் ஊருக்குப் போய்விட்டார். அவர் நாற்காலியில் ராணுவத்திலிருந்து அனுப்பப்பட்ட இளம் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். முப்பது வயதிருக்கும். மரியாதை தெரிந்தவர். உங்களை ‘ஊலே’ என்றார், சித்தப்பாவைக் கூப்பிடுவது போல. என்னை ‘சயாமா’ என்றார், ஆசிரியையைக் கூப்பிடுவது போல. வெளிநாட்டுப் பயணமெல்லாம் சுருங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வருடம் ஒரு கப்பலுக்கு மட்டும் அனுமதி, அதிலும் நம் அலுவலகம் மூலம் இருபத்து நாலு பேருக்குத்தான் இடம், ஒவ்வொருவரையும் நேரில் விசாரித்துக் கையெழுத்திட வேண்டும் என்று உத்தரவு வந்தது.

இருபத்து நாலாவது படிவத்தை நீங்கள் எழுதியபோது நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்த ஊர் என்ற கட்டத்தில் நாகூர் என்று எழுதிவிட்டு, மை காயும் வரை ஊதினீர்கள். என்னிடம் நீட்டி, “தட்டு தங்கச்சி” என்றீர்கள். என் விரல் அழுந்தி உங்கள் பெயரில் ஒரு எழுத்து இரண்டு தடவை விழுந்தது. புதுத் தாள் போட்டு மறுபடி அடித்தேன்.

விசாரணை நாளில் நீங்கள் பயணிகளோடு பெஞ்சில் உட்காரவேண்டியதாயிற்று. விண்ணப்பித்தவரே மொழிபெயர்க்கக் கூடாது என்று அதிகாரி சொன்னது நியாயம்தான். அதனால் அவர் மேசைக்கருகே என்னை நிற்க வைத்தார். சந்தைப் பர்மீஸ் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதிகாரியின் முன்னால் அவர்களுக்கு நாக்கு எழவில்லை.

முகல் தெருவில் இடியாப்பம் விற்ற பாத்துமுத்து அம்மாவை உங்களுக்கு நினைவிருக்கும். இந்த வயதில் ஏன் இவ்வளவு தூரம் போகவேண்டும் என்று அதிகாரி கேட்டார். அந்த அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “இவுங்க அம்மாகிட்ட போய்க் கேக்கச் சொல்லு, பகோடாவுக்கு ஏன் போறீங்கன்னு!” என்றார். நான் சிரித்த முகத்தோடு, “ஐயாவின் தாயார் பகோடாவுக்குப் போவது போலத்தான் என்கிறார்” என்று பர்மீஸில் சொன்னேன். அதிகாரியும் சிரித்தார். கடைசிக் கேள்வி எல்லோருக்கும் ஒன்று. திரும்பி வருவீர்களா? “அல்லா கொண்டாந்து சேர்த்தா வருவேன்” என்றார் அந்த அம்மா. நான் “பியன் லா மே” என்றேன். வருவேன் என்று அர்த்தம். அவ்வளவுதான். கையெழுத்து விழுந்தது.

அன்று காலை பதினைந்து பேர் அதே பதிலைத்தான் விதவிதமாகச் சொன்னார்கள். அல்லாஹ் நாடினால், உயிர் இருந்தால், விதி இருந்தால். பதினைந்து தடவையும் நான் ‘பியன் லா மே’ என்றேன்.

மதியம் நீங்கள் என் மேசைக்கு வந்தீர்கள்.

“நல்லாத்தான் சொல்றே தங்கச்சி. ஜித்தாவுல நானும் இப்படித்தான் நல்லா சொன்னேன்.”

“அவங்க போகணும்ல நானா.”

“போகட்டும். அவங்க பேச்சு உன் பொறுப்பு. என் முறை வரும்போது மட்டும் ஒண்ணு கூட்டாதே, ஒண்ணு குறைக்காதே.”

“நீங்களே பர்மீஸ்ல பேசிடுங்களேன். என்னைவிட நல்லா பேசுவீங்க.”

நீங்கள் சிரித்தீர்கள். “முப்பது வருஷமா மத்தவங்க பேச்சையே பேசியாச்சு. இந்த ஒரு தடவை என் பேச்சை நான் தமிழ்ல பேசறேன். எடுத்துச் சொல்ல ஒரு ஆள் பக்கத்துல நின்னா எப்படி இருக்கும்னு பார்க்கணும்.”

பிற்பகல் கடைசியாக உங்களைக் கூப்பிட்டார்கள். தெரிந்த ஆள் என்பதால் அதிகாரி நாற்காலி போடச் சொன்னார். நீங்கள் உட்காரவில்லை. நீங்கள் தமிழில் பேசத் தொடங்கியதும் அவர் ஆச்சரியமாகப் பார்த்தார், பிறகு ஏதோ புரிந்தது போலத் தலையசைத்தார். பெயர், ஊர், வேலை எல்லாம் சுலபமாக முடிந்தது. நான் ஒவ்வொரு சொல்லையும் கவனமாக எடுத்து வைத்தேன். கண்ணாடிச் சாமானைக் கைமாற்றுவது போல இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. உங்கள் முன்னால், நீங்கள் சொன்னபடியே செய்கிறேன் என்ற பெருமை. அதை மறைக்காமல் எழுதவேண்டும்.

“திரும்பி வருவீர்களா?” என்றார் அதிகாரி.

நீங்கள் நிதானமாகச் சொன்னீர்கள்: “போறதுக்கு நிய்யத்து வச்சிருக்கேன். திரும்பி வர்றதும் வராததும் அல்லாஹ்வோட கையில இருக்கு.”

நான் அதை அப்படியே சொன்னேன். போகும் எண்ணம் இருக்கிறது, திரும்புவதும் திரும்பாததும் கடவுள் கையில். பர்மீஸில் அது வேறு மாதிரி ஒலித்தது, நானா. வாயிலிருந்து வெளியே வந்த நொடியே எனக்குத் தெரிந்தது. காலையிலிருந்து ஒரே மாதிரியான பதிலைக் கேட்டுப் பழகிய அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார்.

“இவர் அன்னியர் பதிவுச் சீட்டு வைத்திருப்பவர். திரும்பி வருகிறவர்களுக்குத்தான் இந்த அனுமதி. வராதவர்களுக்கு வேறு படிவம், வேறு அலுவலகம். இன்னொரு தடவை கேளுங்கள், சயாமா” என்றார். உதவி செய்யத்தான் நினைத்தார்.

நான் உங்கள் பக்கம் திரும்பினேன். “நானா, வருவேன்னு மட்டும் சொல்லுங்க” என்றேன், மெதுவாக.

“நான் சொன்னது சரிதான் தங்கச்சி. அதுக்கு மேல சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.”

அப்போதும் எனக்கு ஒரு வழி இருந்தது. மூன்றே சொல். பதினைந்து தடவைக்கு மேல் சொன்ன அதே சொல். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உங்கள் பதிலை இரண்டாம் தடவையும் அப்படியே சொன்னேன். அதிகாரி உங்கள் படிவத்தைத் தனியே எடுத்து வைத்தார்.

படிக்கட்டில் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் இரண்டு படி கீழே நின்றீர்கள். “சரியாத்தான் சொன்னே” என்றீர்கள். “ஒரு எழுத்து பிசகலை. எழுந்திரு, பஸ் போயிடும்.”

மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன்பே அதிகாரியிடம் போனேன். நம் ஆட்களின் பேச்சில் அது ஒரு வழக்கு, எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள், நான்தான் சுருக்கிச் சொன்னேன் என்று கொட்டிவிட்டேன். அவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். “பட்டியல் நேற்றே மேலே போய்விட்டது” என்றார். பிறகு, “மற்றவர்கள் வருவோம் என்றார்கள், இவர் தெரியாது என்றார். அப்படித்தானே நீங்கள் சொன்னீர்கள், சயாமா?” என்று கேட்டார். அவர் குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டார். இதற்கு மேல் வாயைத் திறந்தால் மற்ற இருபத்து மூன்று கையெழுத்துகளும் ஆட்டம் காணும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் வெளியே வந்தேன்.

கப்பல் கிளம்பிய நாளில் நீங்கள் லீவு போடுவீர்கள் என்று நினைத்தேன். துறைமுகத்தில் எனக்கு முன்பே நின்றிருந்தீர்கள், வெள்ளைச் சட்டை, கட்டம்போட்ட கைலி, கையில் பட்டியல். மூட்டைகளில் பெயர் எழுதினீர்கள். ஏணியைப் பற்றிச் சொன்னீர்கள். பாத்துமுத்து அம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “அங்கே போய் உங்க பேரைச் சொல்லித்தான் முதல் துஆ. என்ன கேக்கட்டும்?”

நீங்கள் யோசித்தீர்கள். “ஒரு தடவை ரெண்டு பேர் பேச்சை மாத்திச் சொல்லிட்டேன்னு சொல்லுங்க. அதுக்கு என்ன தீர்ப்போ அதைக் குடுக்கச் சொல்லுங்க.”

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அதை மனப்பாடம் செய்வது போல இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கப்பல் ஆற்றின் வளைவில் மறைந்த பிறகும் நீங்கள் நகரவில்லை. நான் பக்கத்தில் நின்றேன். “வெயில் ஏறுது” என்றீர்கள். இருவரும் ஸ்ட்ராண்ட் ரோடு தேநீர்க்கடையில் தேநீர் குடித்தோம். நீங்கள் ரொட்டியைப் பாலில் தோய்த்துச் சாப்பிட்டீர்கள். அந்தக் காலை முழுக்க உங்கள் முகத்தில் நான் தேடியது கோபம். கிடைக்கவே இல்லை. கிடைத்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் கப்பல் இல்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை. பயணிகள் பகுதியை மூடிவிட்டு உங்களைச் சரக்குப் பதிவேட்டுக்கு மாற்றினார்கள். நாகூருக்கே போய்விடுங்கள், அங்கிருந்து பம்பாய் போய்க் கப்பலேறலாம் என்று நான் எத்தனை தடவை சொன்னேன். “மச்சி இங்கே படுத்திருக்கா” என்று ஒவ்வொரு தடவையும் ஒரே பதில். மூன்றாவது மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். பத்தாவது நாள் காலையில் உங்கள் அண்டை வீட்டுக்காரர் அலுவலகத்துக்கு வந்து சொன்னார்.

உங்களை அடக்கம் செய்த தாம்வே கபர்ஸ்தானுக்குள் பெண்கள் போவதில்லை. எதிரே ஒரு மரத்தடியில் நின்றேன். ஹாஜியாகத் திரும்பிய பாத்துமுத்து அம்மாவும் வந்து என் பக்கத்தில் நின்றார். அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவராகவே சொன்னார். “அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாம அங்கே சொல்லிட்டேன் புள்ளே. சொன்னதும் மனசு காலியாயிடுச்சு. வேற ஒண்ணும் எனக்குத் தெரியலை.” நான் ஜெபம் செய்தேன், எனக்குத் தெரிந்த வார்த்தைகளில்.

உங்களுக்குச் சொல்லவேண்டிய சங்கதி ஒன்று பாக்கி. நான் இப்போது துறைமுகத்து அலுவலகத்தில் இருக்கிறேன். ஊரைவிட்டுப் போகும் நம் ஆட்களுக்கும் அதிகாரிகளுக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கிற வேலை. தினமும் வருகிறார்கள். கப்பல் வந்தால் வரிசை தெருவரை நிற்கும். ஆரம்பத்தில் எனக்கு வாய் திறக்கவே பயமாக இருந்தது. மாற்றிச் சொன்னால் ஜித்தா நினைவு வரும். அப்படியே சொன்னால் நீங்கள் கண்முன் வருவீர்கள். இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று. மிகச் சின்ன வழி. பேசினவரிடமே திரும்பிக் கேட்டுவிடுகிறேன். இதைப் பர்மீஸில் சொன்னால் அவர் காதில் இப்படி விழும், இப்படியே சொல்லட்டுமா என்று. வரிசை நகரவில்லை என்று மேலதிகாரிகள் முணுமுணுக்கிறார்கள். உங்களிடம் அன்று அதைக் கேட்டிருந்தாலும் நீங்கள் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனாலும் கேட்டிருக்கலாம்.

போன வாரம் ஒரு பெரியவர் வந்தார். நாற்பது வருடம் இங்கே முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். ஏன் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். கேட்டுத்தான் ஆகவேண்டும், படிவத்தில் கட்டம் இருக்கிறது. பெரியவர், “போன்னு சொல்லுது சோறு போட்ட ஊரு. போறேன்” என்றார்.

நான் உடனே சொல்லவில்லை. “ஐயா, இது அவருக்குக் குறை சொல்ற மாதிரி கேக்கும். இப்படியே சொல்லட்டுங்களா?” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அதிகாரி பேனாவோடு காத்திருந்தார். பின்னால் வரிசை காத்திருந்தது. பெரியவர் தம் பேச்சைத் தாமே உள்ளுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்ப்பது உதட்டில் தெரிந்தது.

“சொல்லும்மா” என்றார். “ஆனா சோறு போட்டதை முதல்ல சொல்லு.”

சோறு போட்டது முதலில், போகச் சொன்னது பிறகு, அந்த வரிசையிலேயே சொன்னேன், நானா.